ஆள் குறையவில்லை

வியாழக்கிழமை காலை அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

மேஸ்திரி வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அவர் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். மாடியில் தம்பி மனைவி எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அது பெட்டி என்று எல்லாருக்கும் தெரியும்.

கணக்குக்காரி மட்டும் நிதானமாகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளே புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. காட்டிக்கொள்ள வழியில்லை.

கணக்குக்காரி என்பது வீட்டார் வைத்த பெயர். மேஸ்திரியின் மனைவி. மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில் குடியிருப்புக் கட்டுமானக் கணக்கு அவள் பொறுப்பு. மாநிலம் முழுவதும் வீடு கட்டித் தருகிறவர்களை மாதம் ஒருமுறை தொலைபேசியில் பிடித்து, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று கேட்பாள். எல்லாம் கூடி ஒரு எண் ஆகும். அந்த எண் செய்தியில் வரும். வெளியாகும் நேரம் வரை கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடக்கூடாது என்பது விதி.

இந்த மாத எண் திங்கட்கிழமையே அவள் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வீட்டில் பெருமூச்சு விடுவதில்லை. சிரிப்பதும் இல்லை. எதைச் செய்தாலும் அதற்கு அர்த்தம் பார்க்க இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

போன ஞாயிறு அண்ணனும் தம்பியும் போட்ட சண்டை இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் இப்போது ஒரே ஒரு வீட்டு வேலைதான். ஆட்களைப் பாதியாகப் பிரித்து முறை வைத்திருந்தார். பாதிப் பேர் வாரத்தின் முன்பாதி, மீதிப் பேர் பின்பாதி. தம்பி கூரைக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங்காரன். அண்ணனிடம் முறைக்குப் போய்க்கொண்டிருந்தவனை அடுத்த மாநிலத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் கூப்பிட்டார். அடுக்குமாடி வேலை. தங்க இடம் உண்டு. மனைவியையும் கூட்டி வரலாம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

"நீ போனா என் கூட்டம் உடைஞ்சிரும்" என்றார் அண்ணன்.

"நான் இருந்தா மட்டும் ஒட்டிக்கிட்டா இருக்கு?" என்றான் தம்பி.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாநிலம் முழுக்க வீட்டு வேலை படுத்துவிட்டது என்றால் தம்பி போகலாம். அண்ணன் தடுக்கமாட்டார். நமக்கு மட்டும்தான் இப்படி என்றால் இது நாலு நாள் காய்ச்சல், தானாக இறங்கும், தம்பி இருக்க வேண்டும். எது உண்மை என்று அண்ணி ஆபீஸ் எண் சொல்லட்டும்.

தன்னை யாரும் கேட்கவில்லையே என்று கணக்குக்காரி அப்போது நினைத்தாள்.

"அண்ணி, ஒரு சந்தேகம்" என்றான் தம்பி படியிலிருந்து.

"கேக்காதே."

"எண்ணைப் பத்தி இல்லை. இன்னைக்கு மழை வருமா?"

"வானத்தைக் கேளு."

"இல்லை, நீங்க குடை எடுக்கறீங்களான்னு பாத்தா ஒரு குறிப்பு கிடைக்குமேன்னு."

மேஸ்திரி வாசலிலிருந்து திரும்பினார். "விடுடா அவளை. தூக்கத்துல உளறுவாளான்னு திங்கக்கிழமைல இருந்து காதைத் தீட்டிட்டுப் படுக்கறேன். குறட்டைதான் வருது."

"நான் குறட்டை விடறதில்லை."

"அப்ப அது எண்ணா இருக்கும்" என்றான் தம்பி.

அவள் டம்ளர்களை நீட்டினாள். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே. சர்க்கரை இல்லை."

"போச்சா?"

"சர்க்கரையே மறந்து போற அளவுக்கு மனசு கெட்டிருக்கு. எண்ணு விழுந்திருச்சு."

மேஸ்திரி தன் டம்ளரை அவசரமாகக் குடித்துப் பார்த்தார். "என்னுதுல இருக்கே."

"அப்ப உங்களுக்கு நல்ல சேதி. எனக்குக் கெட்ட சேதி."

கணக்குக்காரி ஒரு கரண்டி சர்க்கரையை அவன் டம்ளரில் கொட்டிக் கலக்கினாள். உண்மையில் மறந்துதான் போயிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து மனதில் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சின்னவள் என்று கூப்பிடுவார்கள். இரண்டு படி மேலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மெத்தையைச் சுருட்டட்டுமா, விரிக்கட்டுமா?"

"ஒன்பது மணி வரைக்கும் நின்னுக்கிட்டே இரு."

"நிக்கறேன். எனக்கென்ன. இவர் வீட்டுல சும்மா இருக்கற நாள்ல கதவு எல்லாத்தையும் கழட்டி மாட்டியாச்சு. ஜன்னல் முடிஞ்சது. இனி என்னைத்தான் கழட்டி மாட்டணும்."

தம்பி தேநீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

குடையை எடுக்காமலே கணக்குக்காரி கிளம்பினாள்.

*

ஒன்பது மணிக்கு எண் வெளியானது.

குடியிருப்புக் கட்டுமானத்தில் மாநிலத்தின் வேலையாட்கள் எண்ணிக்கை தொடர்ந்து மூன்றாவது மாதமாகக் குறையவில்லை. அறிக்கையில் அந்த வாக்கியம் அவள் எழுதியது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அலுவலக வானொலியில் செய்தி வாசிப்பவர் அதையே படித்ததும், ஒரு பல் ஆடுவது போல ஏதோ ஆடியது.

எழுந்து பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனாள். தலைவி நின்றுகொண்டே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், புது வீட்டுக்கு அனுமதி கேக்கறவங்க குறைஞ்சிருக்காங்க. சிமெண்ட் விற்பனை குறைஞ்சிருக்கு. செங்கல் சூளைல ஆள் குறைஞ்சிருக்கு."

"தெரியும்."

"வீடு கட்டறவங்க மட்டும் அப்படியே இருக்காங்க. அடுப்பு எரியாத வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"யாராவது பொய் சொல்றாங்களா?"

"இல்லை. அத்தனை பேரும் இப்படிச் சேந்து பொய் சொல்ல முடியாது."

"அப்ப எண்ணு சரி." தலைவி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். குரலில் கடுப்பு இல்லை. "நம்ம கேக்கறது ஒரே கேள்வி. மாசத்தோட நடு வாரத்துல ஒரு நாளாவது கூலி வாங்கினவங்க எத்தனை பேர். அதுக்கு என்ன பதில் வருதோ அதை எழுதறோம். நமக்கு வேற கேள்வி கிடையாது."

"ஒரு நாளாவது" என்றாள் கணக்குக்காரி.

"ஆமா. ஒரு நாளாவது. ஏன்?"

"ஒண்ணுமில்லை."

நாற்காலிக்குத் திரும்பும்போதே தொலைபேசி அடித்தது. சின்னவள்.

"நியூஸ் கேட்டோம் அக்கா. குறையலையாம்."

"ஆமா."

"உங்க மச்சினர் அப்பவே ஏஜெண்டுக்கு போன் போட்டு வரலைன்னு சொல்லிட்டாரு. அண்ணனுக்குக் குடுத்த வாக்காம். அண்ணன் சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருக்காங்க."

"நீ என்ன பண்றே?"

"மெத்தையை விரிச்சாச்சு. விரிச்ச மெத்தைல படுத்துக்கிட்டு யோசிச்சேன். உங்க எண்ணு நல்ல எண்ணுதான் அக்கா. ஆனா எங்க பானைக்கு அது தெரியலையே. அது பாட்டுக்குப் பாதிதான் நிறையுது."

சின்னவள் கோபமாகப் பேசியிருந்தால் கணக்குக்காரி சமாளித்திருப்பாள். அவள் கோபப்படவில்லை. வேறு ஏதோ வேலைக்கு நடுவில் சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

*

எண் வெளியான அன்றே அடுத்த மாத அறிக்கைக்கான அழைப்புகள் தொடங்கும். அது அலுவலக வழக்கம். தொலைபேசியின் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் எண்ணைப் போட்டாள்.

வீடு கட்டித் தரும் ஒரு அம்மாள். பல வருடப் பழக்கம், குரலில் மட்டும். பின்னால் நாய் குரைக்கும், பேரம் நடக்கும்.

"வணக்கம். நடு வாரத்துல எத்தனை பேர் கூலி வாங்கினாங்க?"

"முப்பது."

"போன மாசமும் முப்பது."

"ஆமாம்மா. ஒருத்தரையும் அனுப்பல." அந்தக் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். வீட்டில் தினமும் கேட்பது. மேஸ்திரி கை கழுவும்போது சொல்வார், சாப்பிடும்போது சொல்வார். ஒருத்தரையும் அனுப்பல.

அடுத்த கேள்வி எதுவும் இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும்.

"அந்த முப்பது பேரும் தினமும் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் நாய் மட்டும் குரைத்தது.

"அதை நீங்க இதுவரைக்கும் கேட்டதில்லையே."

"இன்னைக்குக் கேக்கறேன்."

"முறை வச்சிருக்கேம்மா. பாதிப் பேர் முன்னாடி, பாதிப் பேர் பின்னாடி. எழுதிக்காதீங்க. எனக்கு மட்டும்தான் இப்படி ஆயிருச்சு. மத்தவங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, காலைல நியூஸ்ல சொன்னாங்களே. அதைக் கேட்டதும் ஒரு தெம்பு. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா நமக்கும் வந்துரும்னு."

கணக்குக்காரி காதுக் கருவியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு கட்டட முதலாளி. எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுபவர். பதினெட்டு ஆள் என்றார். தினமும் வருகிறார்களா என்றதும் மெல்லுவது நின்றது. "ஆளைப் பிரிச்சு விட்டிருக்கேன். நம்ம ராசி அப்படி. மத்த ஆளுங்க கொழிக்கறாங்க."

அதற்கடுத்தவர் மாநிலத்தின் மறு கோடியில் இருந்தார். அவருக்கும் ஆள் குறையவில்லை. அவரும் முறை வைத்திருந்தார். அவருக்கு மட்டும்தான் இப்படி.

அதற்கடுத்தவருக்கும் அவருக்கு மட்டும்தான்.

ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். "மேடம், முறை வச்சது என் யோசனைன்னு நினைக்காதீங்க. வீட்டுக்காரி சொன்னா. ஆளை அனுப்பினா பாவம் சுத்தும்னா."

கணக்குக்காரி நன்றி சொல்லி வைத்தாள். காது சுட்டது.

மேஸ்திரிக்கு முறை வைக்கச் சொன்னதும் அவர் வீட்டுக்காரிதான். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். ஆறு பேரை நிறுத்திவிடலாமா என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். யாரையும் நிறுத்தாதீங்க, ஆளுக்குப் பாதி வாரம் குடுங்க, எல்லாரும் கஞ்சி குடிக்கலாம் என்றாள். நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனைதான். மாநிலம் முழுவதும் எத்தனையோ சமையலறையில் எத்தனையோ பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரின் நல்ல மனசும் சேர்ந்துதான் ஆள் குறையாமல் நின்றது. அவள் எண்ணிக் கூட்டியது அதைத்தான். ஆள் இருந்தது. வேலை பாதியாகிவிட்டது. அரை வாரம் வந்தவனும் அவள் கணக்கில் முழு ஆள்.

கணவனுடைய பதில் அவளுக்கு வராது. சொந்தக்காரர் என்பதால் எதிர் மேசைக்காரர்தான் அவரைக் கூப்பிடுவார். எதிர் மேசைக்காரரை எட்டிப் பார்த்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் எத்தனை பேர் சொல்வாரு?"

"சொல்லக் கூடாதும்மா."

"வேண்டாம். ஒருத்தரையும் அனுப்பலன்னு சொல்வாரா?"

எதிர் மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

கணக்குக்காரி அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தலைவி காரணம் கேட்டாள்.

"வீட்டு விஷயம்" என்றாள். அது பொய்யில்லை.

*

பேருந்தில் இடம் இருந்தது. உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனாள்.

வழியெல்லாம் பாதி எழும்பிய வீடுகள். எத்தனையோ நாள் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் வேலைக்காரர்களை எண்ணிப் பார்த்தாள். சாரத்தில் இரண்டு பேர். கலவை இயந்திரத்தருகில் ஒருவர். ஒரு வீட்டில் யாரும் இல்லை, ஒரு மண்வெட்டி மட்டும் மணலில் நின்றது. இன்றைக்கு அங்கே யாருக்கும் முறை இல்லை போல.

மேஸ்திரியின் வேலையிடம் ஒரு வளைவுக்கு அப்பால். சுவர் எழும்பி, மேலே கூரைக்குப் பலகை ஏறிக்கொண்டிருந்தது. தம்பி இன்னும் இரண்டு பேரோடு மேலே நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கம்பிக்காரர் என்று எல்லாரும் கூப்பிடும் கம்பி கட்டுபவர் வாசலில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். சித்தாள் பெண் தண்ணீர் சுமந்தாள். குட்டையாக இருப்பதால் நெட்டை என்று பெயர் வாங்கியவன் முட்டுக்கழிகளை எடுத்துக் கொடுத்தான்.

"மேஸ்திரி, வீட்டு அரசாங்கம் வருது" என்றான் நெட்டை.

மேஸ்திரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "என்ன, பாராட்டு விழாவா? வா வா. உன் எண்ணு நிமிர்ந்து நின்னுருச்சு."

"கொஞ்சம் இப்படி வாங்க."

கலவைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எண்ணு தப்புங்கறியா?"

"எண்ணு சரி. ஆள் இருக்காங்க. வேலைதான் இல்லை. எல்லாரும் முறை வச்சிருக்காங்க, உங்களை மாதிரியே. எனக்கு மட்டும்தான் இப்படின்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க, உங்களை மாதிரியே."

"எல்லாருமா?"

"கேட்ட வரைக்கும் எல்லாரும். ஒருத்தரும் தப்பலை."

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். "அப்ப காய்ச்சல் இல்லைங்கற."

"ஊருக்கே வந்தா அது காய்ச்சல் இல்லை. பருவம் மாறிருச்சு."

மேலே ஆணி அடிக்கும் சத்தம் சீராக வந்தது.

"அவன்கிட்ட சொல்லாதே" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"இந்தக் கூரை போடற வரைக்கும் சொல்லாதே. அவன் போனா யார் பலகை அடிப்பா? அரைகுறையா நிறுத்தினா வீட்டுச் சொந்தக்காரர் அடுத்த மேஸ்திரிகிட்ட போயிருவாரு. அப்புறம் முறையும் இல்லை, ஒண்ணும் இல்லை. கூரை போடட்டும். நானே அவனை அனுப்பறேன்."

"ஏஜெண்டு சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பாரு."

"வேற ஏஜெண்டு வருவான்."

"ஞாயித்துக்கிழமை என்ன பேசினீங்க? மாநிலம் முழுக்கப் படுத்திருச்சுன்னா போகலாம்னு சொன்னது யாரு?"

"எண்ணு வேற சொல்லிருச்சே."

"எண்ணு சொல்லலை. நான் சொன்னேன். என் வாக்கியம் அது."

அவர் தொட்டியின் ஓரத்தில் காய்ந்த கலவையை நகத்தால் சுரண்டினார். அவருக்குத் தம்பியை விடக் கூட்டம் பெரிதில்லை, அது அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டார். தம்பி மேலே நின்று பலகை அடித்தால் கூட்டம் நிற்கிறது என்று நம்பினார்.

"காலைல வரைக்கும் ஆபீஸ் வாயைக் கட்டிச்சு" என்றாள். "அது விதி, கட்டிக்கிட்டேன். இப்ப நீங்க கட்டச் சொல்றீங்க. இதுக்கு நான் எங்கேயும் கையெழுத்துப் போடலை."

"சொன்னா கூட்டம் போச்சு."

"சொல்லலைன்னா தம்பி போச்சு."

தொட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மேஸ்திரி கையை நீட்டினார். அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"தம்பி. கீழே இறங்கு."

"என்ன அண்ணி, சர்க்கரை கொண்டு வந்தீங்களா?"

"இறங்குப்பா."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஆணி அடிக்கும் சத்தம் நின்றது. ஏணியில் பாதி இறங்கி அங்கேயே நின்றுகொண்டான், காலையில் சின்னவள் நின்ற மாதிரி.

அவள் சொன்னாள். மெதுவாகச் சொல்ல நினைத்தாள். அடைக்காத ஜன்னல்கள், கதவில்லாத வாசல், எதைச் சொன்னாலும் வீடு முழுக்கக் கேட்டது. சித்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். கம்பிக்காரர் வளைத்த கம்பியை வளைத்தபடியே பிடித்திருந்தார்.

முடித்ததும் தம்பி அண்ணனைத் தேடினான். மேஸ்திரி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னா."

அது உண்மைதான். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்பதைக் கணக்குக்காரி சொல்லவில்லை.

"நான் வரலைன்னு சொல்லிட்டேனே" என்றான் தம்பி.

"சாயங்காலம் ஆகலை. கேளு."

அவன் ஏணியில் ஒரு கையால் தொற்றிக்கொண்டே போனை எடுத்தான். அந்தப் பக்கம் ஏஜெண்ட் குரல் கணீரென்று வந்தது, எல்லாருக்கும் கேட்டது, வார்த்தை மட்டும் புரியவில்லை. தம்பி ஆமாம் என்றான். இல்லை என்றான். பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"என்ன?" என்றாள் கணக்குக்காரி.

தம்பி போனை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டான்.

"என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சாம்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். மேஸ்திரி கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தில் வந்தது நிம்மதியா துக்கமா என்று கட்டின மனைவிக்கே பிடிபடவில்லை.

"ஆனா பக்கத்துல இன்னொரு கட்டடம் ஆரம்பிக்கறாங்களாம்" என்றான் தம்பி. "தனி ஆள் வேண்டாமாம். பலகை, கம்பி, கலவை எல்லாம் சேந்த ஒரு கூட்டமா இருந்தா நாளைக்கே கிளம்பலாமாம். அஞ்சாறு வருஷத்து வேலையாம்."

கம்பி தரையில் விழுந்தது. கம்பிக்காரர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"தினமும் வேலையா?" என்று கேட்டார்.

"தினமும்."

"முறை கிடையாதா?"

"கிடையாது."

நெட்டை முட்டுக்கழியைச் சுவரில் சாத்தினான். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். திருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் போல.

மேஸ்திரி நடுவில் வந்து நின்றார். மேலே பாதி ஏறிய பலகைகளைப் பார்த்தார். பலகைகளின் இடைவெளியில் வானம் கோடு கோடாகத் தெரிந்தது.

"திங்கக்கிழமை யார் முறை?" என்று கேட்டார்.

வழக்கமாகக் கேட்பதுதான். நெட்டை சொல்வான், கம்பிக்காரர் திருத்துவார், சித்தாள் சண்டைக்கு வருவாள். இன்றைக்கு எல்லார் கண்ணும் போன் மேல் இருந்தது.

தம்பி நெஞ்சிலிருந்த போனுக்குள் ஏஜெண்ட் ஹலோ ஹலோ என்றார். அவன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்து அண்ணனிடம் நீட்டினான்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

"நான் என்னடா பேசறது?"

"மேஸ்திரி இல்லாத கூட்டம் கூட்டமான்னு கேக்கறாரு."

மேஸ்திரி வாங்கினார். காதில் வைத்தார். நிறைய நேரம் கேட்டார். இந்த வீட்டை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கூலி கேட்கவில்லை. கடைசியில் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"எத்தனை பேர்னு கேக்கறாரு."

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கணக்குக்காரிக்கு அந்தக் கேள்வி காலையிலிருந்து காதில் ஓடுவது. இப்போதுதான் முதல்முறையாக வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தது. அவளிடம் அதற்கு எண் இல்லை.

மேஸ்திரி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். கம்பிக்காரர். நெட்டை. சித்தாள். தம்பி. மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இருவர். பிறகு வீட்டில் சும்மா இருக்கும் மறுபாதியை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினார். ஒருவரையும் விடவில்லை.

கூலி கொடுக்கிறவர் ஆள் கணக்கில் சேரமாட்டார். அலுவலகத்தில் அது விதி. கூலி வாங்குகிறவர்தான் ஆள். அந்தக் கட்டடத்துக்குப் போனால் மேஸ்திரியும் கூலி வாங்குகிறவர்தான்.

மேஸ்திரியின் விரல் திரும்பித் தன் நெஞ்சுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவர் தலை தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"சொல்லு" என்றார். "சேத்துக்கவா?"